கைக்கடிகாரத்தில் ஆடும் பாகம்: அறிகுறி பார்த்து வீட்டிலேயே சரிசெய்யும் முறை

கைக்கடிகாரத்தில் ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது என்று தெரிந்தவுடன் பலரும் முதலில் கை வைப்பது பின்மூடியில்தான். அதைக் கடைசியாகத் தொட வேண்டும் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை. தளர்வுகளில் பெரும்பாலானவை கேஸுக்கு (மெஷினை மூடியிருக்கும் கூட்டுக்கு) வெளியே, அதாவது ஸ்ட்ராப், செயின், கொக்கி, சாவி ஆகிய இடங்களில் ஏற்படுபவை. அவற்றைச் சரிசெய்ய மெஷினைத் திறந்து பார்க்கவே தேவையில்லை. பின்மூடிக்கு உள்ளே நேரும் தளர்வுகளில் சிலவற்றை, நிதானமும் சரியான திருப்புளியும் உள்ள ஒருவர் வீட்டில் சரிசெய்துவிடலாம். டயலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நேர்பவற்றைப் பயிற்சி இல்லாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. ஆகவே, எந்தப் பாகம் ஆடுகிறது என்று உறுதியாகத் தெரியும் வரை எதையும் முடுக்கவோ கழற்றவோ வேண்டாம். (பக்கவாட்டில் உள்ள, நேரம் திருத்த உதவும் குமிழை இங்கே வழக்கப்படி சாவி என்றே குறிப்பிடுகிறேன்.)

முதலில் இடத்தைக் கண்டறிதல்

ஸ்டீல் செயின் உள்ள கடிகாரத்தைக் குலுக்கினால் செயினே சலசலக்கும். எனவே செயினைக் கழற்றி வைத்துவிட்டோ, கழற்ற இயலாவிட்டால் ஒரு துணியில் இறுகச் சுற்றிப் பிடித்துக்கொண்டோ கேஸை மட்டும் காதருகே வைத்து மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் தளர்வு செயினில்தான் இருக்கிறது. சத்தம் நிற்கவில்லை என்றால், டயல் மேல்நோக்கி இருக்கும்படி ஒரு முறையும் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு முறையும் பிடித்துக் கேட்கவும். சிறு திருகோ மணியோ உள்ளே உருளும்போது விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்திலிருந்து மெல்லிய 'டிக்' ஒலி வரும். மெஷின் முழுவதுமே கேஸுக்குள் ஆடுகிறது என்றால் ஒலி கனமாக, ஒரே மாதிரியாக இருக்கும்.

அது எந்த வகைக் கடிகாரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாவி கொடுத்து ஓடுவது, கை அசைவில் ரோட்டர் என்னும் எடைத் தகடு சுழன்று ஓடும் ஆட்டோமேட்டிக், செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் என்று மூன்று வகைகள் உண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்றவை முதல் வகையைச் சேர்ந்தவை. டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் நிறுவி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டனின் கடிகாரங்களில் பெரும்பாலானவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடும் முடிவு 2016இல் எடுக்கப்பட்டுவிட்டதால், ஜனதாவில் ஒரு திருகு தொலைந்தால் அதற்கு ஈடாக இன்னொரு பழைய மெஷினைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். வீட்டில் தாத்தாவின் கடிகாரம் என்று ஒன்று இருந்தால், அதில் தைரியத்தைவிட எச்சரிக்கையே பெரிதாக இருக்கட்டும்.

சத்தம் உள்ளேயிருந்து வருகிறது என்று உறுதியானால் கடிகாரத்தை அணிவதை உடனே நிறுத்தவும். குவார்ட்ஸ் கடிகாரமாக இருந்தால் சாவியை வெளியே இழுத்து வைக்கவும்; பெரும்பாலானவற்றில் முட்கள் அப்படியே நின்றுவிடும். மற்ற வகையாக இருந்தால் தட்டையாக வைத்துவிட்டு, தானாக ஓடி நிற்கும் வரை காத்திருக்கவும். உள்ளே கிடக்கும் ஒரு சிறு திருகு, ஓடும் பற்சக்கரங்களுக்கு இடையில் சிக்கினால், சிறிய வேலையாக முடிய வேண்டியது பெரிய செலவில் போய் நிற்கும்.

தேவையான கருவிகள்

ஸ்பிரிங் பார் கழற்றும் கவைமுனைக் கருவி, 0.8 மி.மீ. முதல் 1.6 மி.மீ. வரை முனையுள்ள சிறிய திருப்புளிகள், கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடி, செயின் பின் தள்ளும் ஊசி, பிளாஸ்டிக் முனையுள்ள இடுக்கி, ரப்பர் ஊதுகுழல், மூங்கில் பல்குச்சி சில, விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, அதில் விரிக்க ஒரு வெள்ளைத் துணி ஆகியவை போதும். துணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அழகுக்காக அல்ல, 1 மி.மீ. நீளமே உள்ள திருகு பூப்போட்ட துணியில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிங் பாரைக் கழற்றும்போது கேஸையும் கையையும் ஒரு பெரிய கண்ணாடித்தாள் பைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்தால், தெறிக்கும் பாகம் பைக்குள்ளேயே விழும். மின்விசிறியை நிறுத்திவிடவும். கழற்றிய பட்டன் செல்லைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் உடனே வைக்கவும். விழுங்கப்பட்டால் அது உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

அறிகுறி: ஸ்ட்ராப்போ செயினோ கேஸோடு சேரும் இடத்தில் ஆடுகிறது அல்லது கழன்று விழுகிறது

கேஸின் இரு கொம்புகளுக்கு இடையே ஸ்ட்ராப்பைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் பார் என்னும் சிறு தண்டு. அதன் இரு முனைகளும் உள்ளே அமுங்கி, கொம்புகளில் உள்ள துளைகளில் போய் உட்காரும். வியர்வையின் உப்பும் சோப்பு நீரும் இதற்குள் புகுந்து ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்கச் செய்வதுதான் பெரும்பாலான தளர்வுக்குக் காரணம். ஸ்ட்ராப்பை மேலும் கீழுமாக ஆட்டாமல், கேஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராப்பை இடமும் வலமுமாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் அந்தப் பக்கத்து முனை துளையில் சரியாக உட்காரவில்லை.

பாரைக் கழற்றியதும் இரு முனைகளையும் நகத்தால் அமுக்கி விட்டுப் பார்க்கவும். இரண்டும் ஒரே வேகத்தில் திரும்பி வர வேண்டும். ஒன்று மெதுவாக வந்தாலோ பாதியில் நின்றாலோ அதற்கு எண்ணெய் போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருள் என்பதால் இரு பக்கத்துக்கும் சேர்த்துப் புதிதாக மாற்றிவிடுவதே அறிவுடைமை. ஒரு பக்கம் துருப்பிடித்திருந்தால் மறு பக்கமும் அதே வியர்வையில்தான் ஊறியிருக்கும்.

புதியதை வாங்கும்போது இரண்டு அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, கொம்புகளின் உட்பக்க இடைவெளி; ஆண்களின் கடிகாரங்களில் இது பெரும்பாலும் 18, 20, 22 மி.மீ. என்று இருக்கும், பெண்களின் சிறிய கடிகாரங்களில் 12 அல்லது 14 மி.மீ. ஆக இருக்கலாம். இரண்டாவது, தண்டின் பருமன். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சாதாரணமாகக் கிடைப்பது 1.5 மி.மீ. பருமன், ஸ்டீல் செயினுக்கும் கனமான கேஸுக்கும் 1.8 மி.மீ. நன்றாகப் பிடிக்கும். சீக்கோவின் பல டைவர் கடிகாரங்களுக்கு 2.5 மி.மீ. பருமனுள்ள தனிவகைத் தண்டு வேண்டும். அங்கே கடையில் கிடைத்த மெல்லிய தண்டைப் போட்டால் மாட்டிக்கொள்ளத்தான் செய்யும், ஆனால் முனை துளைக்குள் ஆடிக்கொண்டே இருந்து ஒருநாள் நழுவிவிடும்.

பொருத்தும்போது ஒரு முனையைத் துளையில் வைத்து, மறு முனையைக் கருவியால் அமுக்கிக் கொம்புக்குள் சறுக்கிவிட்டு, ஸ்ட்ராப்பைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்தவும். முனை துளையில் விழும்போது சிறிய, தெளிவான 'கிளிக்' கேட்கும். கேட்காவிட்டால் முனை துளையின் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு நன்றாக இழுத்தும் முறுக்கியும் பார்க்கவும். இந்தச் சோதனையில் கழன்றால் கழலட்டும். மேசைமேல் விழுவது பேருந்தில் தொலைவதைவிட மேல். கொம்பின் துளையே தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டிருந்தால், முனை பருமனான தண்டு கிடைக்குமா என்று பார்க்கலாம். குண்டூசி, கம்பி, நூல் போன்றவற்றைச் செருகித் துளையை மேலும் கெடுக்க வேண்டாம்.

அறிகுறி: செயினின் கண்ணிகளுக்கிடையில் பின் வெளியே எட்டிப்பார்க்கிறது

செயினைச் சின்னதாக்கிய சில நாட்களில் இது நேர்ந்தால், காரணத்தை ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடலாம். கண்ணிகளை இணைக்கும் முறை மூன்று வகைப்படும்: ஒரு பக்கம் பிளவுபட்ட பின், வழவழப்பான பின்னும் அதைப் பற்றிக்கொள்ளும் சிறு குழாயும், பக்கவாட்டுத் திருகு. இரண்டாவது வகையில், கண்ணியின் நடுப்பகுதிக்குள் அரிசிமணியைவிடச் சிறிய ஓர் உலோகக் குழாய் இருக்கும். பின்னைத் தள்ளி எடுக்கும்போது அதுவும் ஓசையின்றி விழுந்துவிடும். அது இல்லாமல் பின்னைத் திரும்பச் செருகினால், பிடிப்பதற்கு எதுவுமே இல்லாததால், பின் கை அசைய அசைய வெளியே நழுவி வரும். எத்தனை முறை சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்பினாலும் பயனில்லை. வேலை செய்த இடத்தில் அந்தக் குழாயைத் தேடிப் பாருங்கள். எடுத்து வைத்த உபரிக் கண்ணிகளிலும் அதே அளவுக் குழாய் இருக்கும், அதையும் பயன்படுத்தலாம்.

பிளவுபட்ட பின்னாக இருந்தால், கண்ணியின் உட்பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். பின்னை அம்பு காட்டும் திசையில் தள்ளி எடுக்க வேண்டும். திரும்பச் செருகும்போது அம்புக்கு எதிர்த்திசையில், பிளவு இல்லாத முனை முதலில் போகும்படி செருக வேண்டும். பின் தளர்ந்திருந்தால், பிளவுக்குள் மெல்லிய கத்தி முனையை வைத்துத் தலைமுடி அளவுக்கு விரித்துவிட்டால் பிடிப்பு திரும்பும். அதிகம் விரித்தால் ஒரு கால் ஒடிந்துவிடும்.

திருகு வகையில் மரை தேய்ந்திருப்பது அரிது. மரையில் படிந்த அழுக்கும், திருகைப் பூட்டும் பசை வறண்டு போனதுமே பெரும்பாலும் காரணம். திருகைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மரையைத் துடைத்து உலர்த்திவிட்டு, மரைப் பூட்டுப் பசையில் பலம் குறைந்த வகையை ஊசிமுனையில் தொட்டு மரையில் மட்டும் வைக்கவும். லாக்டைட் வகைகளில் ஊதா நிறமுள்ள 222 இதற்கு ஏற்றது; நீல நிற 243 கிடைத்தால் அதையும் மிகச் சிறிதளவு பயன்படுத்தலாம். சிவப்பு நிறமுள்ள வலுவான வகை வேண்டவே வேண்டாம். சூடுபடுத்தாமல் அது கழலாது. இந்தப் பசை காற்றுப் படாத இடத்தில், உலோகத்தின் தொடர்பில்தான் இறுகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இறுகுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு நாள் முழுவதும் அணியாமல் விட்டுவைக்கவும். பசை கண்ணியின் மூட்டுக்குள் வழிந்தால் செயின் விறைத்துவிடும்.

கொக்கி பூட்டிக்கொள்ளாமல் தானே திறந்துகொண்டால், மடிப்புத் தகடு சற்று வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கும் நாக்கை மிக லேசாக உள்நோக்கி அமுக்கினால் போதும். ஒரே அமுக்கில் சரிசெய்யப் பார்க்காமல், சிறிது அமுக்கிப் பூட்டிப் பார்த்து, மீண்டும் சிறிது அமுக்கவும்.

அறிகுறி: சாவி கையோடு வந்துவிட்டது

வந்தது எது என்று முதலில் பார்க்க வேண்டும். குமிழ் மட்டும் வந்திருந்து அதன் நடுவில் மரையுள்ள துளை தெரிந்தால், தண்டு உள்ளேயே இருக்கிறது. குமிழ் தண்டிலிருந்து திருகிக் கழன்றிருக்கிறது. குமிழோடு மெல்லிய தண்டும் சேர்ந்து வந்திருந்தால், தண்டைப் பிடித்திருக்கும் நெம்புகோல் உள்ளே விட்டுவிட்டது. தண்டின் முனை வழக்கமான நுட்பமான வடிவத்தில் இல்லாமல் கரடுமுரடாக முடிந்தால் அது ஒடிந்தது. அதற்குப் புதிய தண்டு வாங்கி நீளம் பார்த்து வெட்ட வேண்டும், கடைக்குத்தான் போக வேண்டும்.

குமிழ் மட்டும் கழன்றிருந்தால், உள்ளே நிற்கும் தண்டின் மேல் அதை நேராக வைத்து, வலப்புறமாக மெதுவாகத் திருகிப் பார்க்கலாம். ஆனால் தண்டும் கூடவே சுழலும் என்பதால் இறுகப் பிடிக்காது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஸ்பிரிங் ஏறும் எதிர்ப்பு மட்டுமே தண்டை ஓரளவு பிடித்துக்கொடுக்கும். நிலையாகப் பொருத்த வேண்டுமென்றால் தண்டை வெளியே எடுத்து, ஒரு சிறு பிடிப்பானில் பற்றி, மரையைத் துடைத்து, மேலே சொன்ன பசையை மிகச் சிறிதளவு வைத்துக் குமிழை முடுக்க வேண்டும்.

தண்டோடு வந்திருந்தால் பின்மூடியைத் திறக்க வேண்டியிருக்கும். குவார்ட்ஸ் மெஷினில் தண்டு நுழையும் இடத்துக்கு அருகே ஒரு சிறு குழியோ அம்புக்குறியோ இருக்கும். பல்குச்சியால் அந்த இடத்தை லேசாக அமுக்கிக்கொண்டு, தண்டை நேராக, இப்படியும் அப்படியும் சற்றே திருப்பியபடி உள்ளே தள்ளினால் அது தன் இடத்தில் 'கிளிக்' என்று உட்காரும். அமுக்குவதை விட்டபின் குமிழை நேரம் திருத்தும் நிலைக்கு இழுத்துப் பார்க்கவும். வெளியே வராமல் நின்றால் வேலை முடிந்தது. வலுவாக அமுக்கினால் டயல் பக்கத்திலுள்ள நெம்புகோல் தன் இடத்தைவிட்டு விலகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய, சாவி கொடுக்கும் கடிகாரங்கள் பலவற்றில் அமுக்கும் குழிக்குப் பதிலாக, தண்டுக்கு அருகே ஒரு சிறு திருகு இருக்கும். அந்தத் திருகு தளர்ந்ததால்தான் தண்டு தானாக வெளியே வந்திருக்கும். தண்டைச் செருகி, நெம்புகோலின் சிறு மூக்கு தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்ததை உணர்ந்தபின் திருகை இறுக்கவும். தண்டு உள்ளே நுழைய மறுத்தால் திருகை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்த வேண்டாம். அது முழுவதும் கழன்றுவிட்டால் டயலுக்கு அடியில் உள்ள நெம்புகோல் விழுந்துவிடும். பிறகு முட்களையும் டயலையும் கழற்றாமல் அதைத் திரும்ப வைக்கவே முடியாது. வீட்டில் செய்யும் பழுதுபார்ப்பில் ஒரு நிமிட வேலை ஒரு நாள் வேலையாக மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு திருகில்தான்.

திருகிப் பூட்டும் சாவியுள்ள கடிகாரத்தில் மரை பிடிக்காமல் வழுக்கினால், உடனே தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சாவியை லேசாக உள்நோக்கி அழுத்திக்கொண்டு முதலில் இடப்புறமாகச் சுற்றவும். மரையின் தொடக்கங்கள் நேருக்கு நேர் வரும்போது சாவி மெல்ல உள்ளே இறங்குவது விரலில் தெரியும். அந்த இடத்திலிருந்து வலப்புறமாகத் திருகினால் சரியாக ஏறும். இப்படியும் ஏறாவிட்டால் மரை தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

அறிகுறி: உள்ளே ஏதோ உருளுகிறது, இடிக்கிறது

ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் ரோட்டர் சுழலும் ஒலி கேட்பது இயல்பு. மியோட்டா என்னும் ஜப்பானிய மெஷின் தயாரிப்பாளரின் 8200 வரிசை மெஷின்களில் ரோட்டர் ஒரு திசையில் மட்டுமே ஸ்பிரிங்கை ஏற்றும்; எதிர்த்திசையில் தடையின்றிச் சுழல்வதால் கையில் ஓர் அதிர்வே தெரியும். இது பழுது அல்ல. அதே வரிசையில் பல மெஷின்களின் விநாடி முள் அவ்வப்போது தயங்கி நகர்வதும் அதன் அமைப்பினால் வருவதுதான். ஆனால் ரோட்டர் சுழலும்போது பின்மூடியில் உரசும் ஒலியோ, கேஸைச் சாய்க்கும்போது 'டொக்' என்ற இடிப்போ கேட்டால் அதன் நடுத்திருகு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. மூடியின் உட்பக்கத்தில் வில்போன்ற கீறல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூடியைத் திறக்குமுன் அதன் வகையைப் பாருங்கள். விளிம்பில் ஓரிடத்தில் சிறு உதடுபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அழுத்தி மூடும் வகை; அந்த இடத்தில் மட்டும் கத்தி முனையை வைத்துத் திருப்ப வேண்டும். சுற்றிலும் பள்ளங்கள் இருந்தால் திருகி மூடும் வகை; அதிகம் இறுகாதிருந்தால், மூடிமேல் ஒரு ரப்பர் பந்தை அழுத்தி இடப்புறமாகத் திருப்பினாலே சுழலும். பந்துக்கு அசையாத மூடியைக் கத்தரிக்கோல் முனையால் நெம்புவது கூடாது.

ரோட்டரை ஒரு பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நடுத்திருகின் பள்ளத்தை முழுதாக நிரப்பும் அகலமுள்ள திருப்புளியால் வலப்புறமாக முடுக்கவும். சிறிய முனையுள்ள திருப்புளி வழுக்கும். வழுக்கினால் அது போய் நிற்பது பெரும்பாலும், இருபுறமும் ஊசலாடி ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய ஸ்பிரிங்கில். தலையில் ஒரு கோட்டுக்குப் பதிலாக மூன்று கோடுகள் தெரியும் திருகைத் தொடுமுன் நிதானிக்கவும். அது இடப்புறம் முடுக்கும் எதிர்மரைத் திருகாக இருக்கலாம். திருகு முடுக்கியபின்பும் ரோட்டர் மேலும் கீழும் ஆடினால் அதன் நடுவிலுள்ள மணித்தாங்கி (பால் பேரிங்) தேய்ந்திருக்கிறது. அது கடை வேலை.

உள்ளே ஒரு திருகு உதிர்ந்து கிடந்தால் அதைக் காந்தமேறிய திருப்புளியால் எடுக்க வேண்டாம். மெஷினுக்குள் காந்தம் ஏறினால் நேரம் வேகமாக ஓடத் தொடங்கும். கேஸைக் கவிழ்த்துத் துணிமேல் மெல்லத் தட்டினாலே பெரும்பாலும் விழுந்துவிடும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிய மெஷினின் விளிம்பைப் பாருங்கள். கேஸோடு மெஷினைப் பிடித்துவைக்க ஓரத்தில் இரண்டு திருகுகள் இருப்பது பொதுவான அமைப்பு. அவற்றில் ஒன்று கழன்றிருந்தால், சாவியை இழுக்கும்போது டயலே சற்று நகர்வது முன்பக்கத்தில் தெரியும். காலியான துளை அங்கே தென்பட்டால் திருகைத் திரும்பப் போடலாம். எங்கே போக வேண்டியது என்று தெரியாத திருகை, பொருந்துகிறதே என்று எந்தத் துளையிலும் போடக் கூடாது. ஒரு மயிரிழை நீளம் கூடினாலும் அடியிலுள்ள சக்கரத்தைப் பிடித்துவிடும்.

குவார்ட்ஸ் கடிகாரம் செல் மாற்றிய பிறகு ஆடத் தொடங்கியிருந்தால் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். மெஷினைச் சுற்றி இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வளையத்தைத் திரும்ப வைக்க மறந்திருக்கலாம். அது இல்லாமல் மெஷின் கேஸுக்குள் நிலையாக நிற்காது. அல்லது செல்லின் பருமன் தவறாக இருக்கலாம். எஸ்.ஆர். 626 எஸ்.டபிள்யூ. 6.8 மி.மீ. விட்டமும் 2.6 மி.மீ. உயரமும் உடையது, எஸ்.ஆர். 621 எஸ்.டபிள்யூ. அதே விட்டத்தோடு 2.1 மி.மீ. உயரமே உடையது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே உட்காரும். அந்த அரை மில்லிமீட்டர் குறைவால் தொடர்புத் தகடு சரியாகத் தொடாமல், கடிகாரத்தைத் தட்டினால் நிற்பதும் மறுபடி தட்டினால் ஓடுவதுமாக இருக்கும். மெஷினிலோ பழைய செல்லிலோ உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்கவும். உலோக இடுக்கியால் செல்லின் இரு முகங்களையும் சேர்த்துப் பிடித்தால் செல் வீணாகும். பிளாஸ்டிக் இடுக்கியைப் பயன்படுத்தச் சொன்னது அதனால்தான்.

அறிகுறி: முட்கள் நழுவுகின்றன

விநாடி முள் இரண்டிரண்டு விநாடிகளாகத் தாவினால், பல குவார்ட்ஸ் மெஷின்களில் அது செல் தீரப்போகிறது என்னும் அறிவிப்பு. கடிகாரத்தைச் செங்குத்தாக வைத்திருக்கும்போது ஒன்பது மணிப் பக்கத்தில் முள் நகர முடியாமல் துடித்துக்கொண்டே நின்றாலும் செல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் முள்ளின் எடையைத் தூக்க அதிக விசை தேவை. மாறாக, கேஸைத் தட்டினால் விநாடி முள் தளர்ந்து கீழ்ப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முள்தான் தண்டில் தளர்ந்திருக்கிறது.

நிமிட முள் பின்தங்குவதற்கு ஒரு சோதனை உண்டு. மணி முள்ளையும் நிமிட முள்ளையும் சரியாகப் பன்னிரண்டில் வைத்துவிட்டுச் சில மணி நேரம் ஓட விடவும். நிமிட முள் பன்னிரண்டில் வரும்போது மணி முள் எந்த எண்ணின் மேலும் சரியாக நிற்காமல் நடுவில் நின்றால், இரண்டில் ஒரு முள் தண்டில் நழுவியிருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்து, விநாடி முள்ளும் சரியாக ஓடி, ஆனால் மொத்த நேரமே மணிக்கணக்கில் பின்தங்கி, நேரம் திருத்தும்போது சாவி எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால், நிமிட முள்ளைத் தாங்கும் குழாய்ப் பற்சக்கரத்தின் பிடிப்பு போய்விட்டது. பழைய சாவிக் கடிகாரங்களில் இது அடிக்கடி வருவது. இரண்டையும் சரிசெய்ய மெஷினை வெளியே எடுத்து முட்களைக் கழற்ற வேண்டும். தலைமுடி பருமனுள்ள தண்டில் முள்ளை நேராக அழுத்துவது பழகிய கைக்கே உரிய வேலை. வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது இந்தச் சோதனையில் தெரிந்ததைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை குறையும்.

1960களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் எண்களுள்ள கடிகாரத்தின் கண்ணாடிக்குள் தூள் உதிர்ந்து கிடந்தால் அதைத் திறக்கவே கூடாது. அக்காலத்து ஒளிர்வுப் பூச்சுகள் பலவற்றில் ரேடியம் கலந்திருந்தது. இன்று அது ஒளிராமல் போனதற்குக் காரணம், கூடவே இருந்த ஒளிரும் உப்பு செயலிழந்ததுதான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள் என்பதால் கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. அந்தத் தூளை மூச்சில் இழுப்பது ஆபத்து.

புதிய கடிகாரத்தில் டயலில் ஒட்டியிருந்த உலோகக் குறி உதிர்ந்து உள்ளே உருண்டால், அதுவும் முட்களைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டியது. அதுவரை ஓட விடாதீர்கள்.

அறிகுறி: கண்ணாடியோ சுற்று வளையமோ ஆடுகிறது

கட்டைவிரலால் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் அமுங்கினால் அடியிலுள்ள நைலான் வளையம் அங்கே கிழிந்திருக்கலாம். வளையத்தை மாற்றி, கண்ணாடியைச் சீரான அழுத்தத்தில் ஏற்ற வேண்டும். ஒட்டிப் பொருத்திய கண்ணாடியாக இருந்தால், பழைய பசையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, கடிகாரக் கண்ணாடிக்கென்றே ஊசிமூக்குக் குழாயில் விற்கும் ஜி-எஸ் ஹைப்போ சிமென்ட் போன்ற பசையை விளிம்பில் மெல்லிய கோடாக வைக்கலாம். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை இதற்கு ஆகவே ஆகாது. அது இறுகும்போது எழும் ஆவி கண்ணாடியின் உட்பக்கத்திலும் டயலிலும் வெள்ளையாகப் படியும். ஒட்டியபின் ஒரு நாள் விட்டுவைக்கவும்.

சுழலும் வளையம் தளர்ந்து 'கிளிக்' இன்றி ஓடினால் அதன் அடியிலுள்ள ஸ்பிரிங் தகட்டில் மணல் சிக்கியிருப்பது பொதுவான காரணம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் விளிம்பைத் தேய்த்தாலே பல நேரங்களில் சரியாகும். ஆனால் கேஸ் நீர் புகாதது என்பது உறுதியாக இருக்க வேண்டும்.

மூடும்போது

மூடியின் ரப்பர் வளையம் முறுக்கில்லாமல் பள்ளத்தில் படிந்திருக்கிறதா என்று பார்த்து, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவவும். அழுத்தி மூடும் வகையில், மூடியின் விளிம்பில் உள்ள வெட்டு, சாவித் தண்டுக்கு நேராக வர வேண்டும். மாறி உட்கார்ந்தால் மூடி தண்டை நசுக்கும். இரு கட்டைவிரல்களால் அமுக்கியும் மூடாவிட்டால் அதற்கான அழுத்தும் கருவி உள்ள கடைக்குக் கொண்டு போவது நல்லது, ஏனெனில் மேசைமேல் வைத்து உடல் எடையைக் கொடுத்து அமுக்கும்போது உடைவது கண்ணாடியே. வீட்டில் திறந்த கடிகாரத்தில் 3 ஏ.டி.எம். (வளிமண்டல அழுத்த அளவு) என்றோ 30 மீட்டர் என்றோ எழுதியிருந்தாலும், அழுத்தச் சோதனை செய்யும் வரை அதை நீர் புகும் கடிகாரமாகவே கருதவும். அந்த எண் நிலையான அழுத்தத்தைக் குறிப்பதே அன்றி, நீந்தும் ஆழத்தை அல்ல.

எந்தக் கட்டத்திலாவது நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொடுப்பதாக முடிவு செய்தால், கழன்ற திருகு, குழாய், முள், உதிர்ந்த குறி அனைத்தையும் ஒரு காகிதத்தில் மடித்து, கடிகாரத்தோடு சேர்த்துக் கொடுக்கவும். எதைத் தொட்டீர்கள், எந்தத் திருகை எவ்வளவு சுற்றினீர்கள், எந்தப் பசையை எங்கே வைத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவும்.